அமராவதி எரித்த கூடைகள்

தியாகராஜா ஒருநாளும் மனைவிக்குக் கை நீட்டியதில்லை. இதைக் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் பத்துப் பேர் கூடிய இடத்தில் அவரே சொல்லுவார். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். குடியில்லை, சீட்டாட்டமில்லை, ஹவுன்ஸ்லோவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி ஒருவரையும் முட்டாத மனிதர். அமராவதிக்கு வேறென்ன வேண்டும்? வேண்டியது என்னவென்று அமராவதியை ஒருவரும் கேட்டதில்லை. ஒருமுறையாவது அடித்திருந்தால் காட்டுவதற்கு ஒரு காயமாவது இருந்திருக்குமே என்று அவள் நினைத்ததுண்டு. அதை வெளியே சொல்லிக்கொண்டு திரிய அவளுக்கென்ன பைத்தியமா?

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு கிச்சினில் இருபத்துநாலு வருடம் நின்றவள் அவள். ஹீத்ரோ வேலிக்குப் பக்கத்தில் ஒரு குளிரறை. பெல்ட்டில் வரும் தட்டில் ஒரு பணிஸ், ஒரு பட்டர், ஒரு கேக் துண்டு. அடுத்த தட்டிலும் ஒரு பணிஸ், ஒரு பட்டர், ஒரு கேக் துண்டு. அதிகாலை ஷிப்டுக்குத் தானே சின்னக் காரை ஓட்டிப் போய், மத்தியானம் தானே ஓட்டி வருவாள். வேலையை விட்ட பிறகும் விரல்களுக்கு அது தெரியவில்லை. ரீவிக்கு முன்னால் இருந்தால் மடியிலுள்ள துவாயை மடிப்பாள், விரிப்பாள், திரும்ப மடிப்பாள். "கையை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" என்பார் தியாகராஜா. வைத்துக்கொண்டு இருப்பாள், ஐந்து நிமிடத்துக்கு.

பென்சன் எடுத்ததும் தியாகராஜாவுக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. தரிப்பிடமே இல்லாத ஒரு தெருவில் வண்டி ஓட்ட வேண்டும். மணி அடிக்கக் கூடாது, கதவு திறக்கக் கூடாது, தள்ளுவண்டியோடு ஒருத்தரும் ஏறக் கூடாது. அவருடைய ஒன்றுவிட்ட தம்பி இளங்கோவன் அமெரிக்காவில், அரிசோனாவில் இருந்தார். அவரிடம் ஒரு பழைய ஆர்.வி. நின்றது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கிற, பஸ் அளவான வண்டி. மாரிக் குளிர் காலத்தில் சும்மாதானே நிற்கிறது, எடுத்து ஓட்டுங்கோ அண்ணை என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் இருவரும் அங்கே போய், விசா இல்லாமல் நிற்கக்கூடிய தொண்ணூறு நாளுக்குள் திரும்பி வந்தார்கள்.

பாலைவனத்தில் தியாகராஜா ஓட்டினார். அமராவதி பக்கத்தில் இருந்தாள். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், அதில் எட்டு வார்த்தை பேசினால் அன்றைக்கு அவர் நல்ல மனநிலை. நிற்பாட்டுங்கோ, கால் விறைக்குது என்றால், கண்ணுக்கெட்டின தூரத்தில் தெரியும் ஒரு மலையைக் காட்டி அங்கே நிற்பாட்டுவேன் என்பார். மலை வரும், நிற்பாட்டமாட்டார். பின்னுக்குக் கக்கூஸ் இருக்குதானே என்பார். ஓடுகிற வண்டியில் எழுந்து போய் அவள் இரண்டு தடவை விழுந்தாள். அவள் கேட்டும் ஸ்டியரிங்கை ஒருநாளும் கொடுக்கவில்லை. அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும், அது அவளுக்குச் சரிவராதாம். தெருவின் இரண்டு பக்கமும் ஆளுயரத்தைவிட இரண்டு மடங்கான கள்ளிகள், சரணடைந்தவர்கள் மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. முதல் வருடம் முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் வருடம் கூடை வந்தது. ஆர்.வி.க்கள் தரிக்கும் ஒரு காம்பில், பக்கத்து வண்டிக்காரி டோரீன் என்ற வெள்ளைக்காரி, வாசலில் கதிரை போட்டு எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். நீளமான பைன் இலைகளைச் சுடுநீரில் ஊறவைத்து, ஒரு பிடி சேர்த்துக் கயிறு போலத் திரட்டி, நடுவிலிருந்து சுருட்டிச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றையும் கீழ்ச் சுற்றோடு ஊசியால் தைத்துக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான். அமராவதி பத்து நிமிடம் பார்த்தாள், ஊசியை வாங்கினாள். மறுநாள் டோரீனின் வண்டி வேறு திசையில் போய்விட்டது. ஒரு பை நிறைய பைன் இலையை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

பின்னாளில் லண்டனில் இதைக் கேள்விப்பட்டவர்கள், ஊரிலே பனையோலைப் பெட்டி இழைத்த கையல்லவா என்று சொன்னார்கள். அமராவதி ஊரில் ஒரு பெட்டியும் இழைத்ததில்லை. தகப்பன் தபாற்கந்தோரில் வேலை, வீட்டில் கூடை வேண்டுமென்றால் கடையில் வாங்குவார்கள். இது முழுக்க முழுக்க அவள் அறுபதை எட்டும் வயதில் அமெரிக்கத் தெருவில் பிடித்த வித்தை. வண்டி பள்ளத்தில் விழுந்தெழும்போதெல்லாம் ஊசி விரலில் ஏறும். முதற்கூடை ஒரு பக்கம் சரிந்து, வயிற்றுவலிக்காரன் போல இருந்தது. இரண்டாவது நிமிர்ந்தது. மூன்றாவதைத் தரையில் வைத்துச் சுற்றிவிட்டால் ஆடாமல் நின்றது. அன்றைக்கு அவள் தனக்குத்தானே சிரித்தாள். இந்தக் குப்பையை எப்ப முடிப்பீர் என்று தியாகராஜா தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

மார்ச் கடைசி. மறுநாள் விமானம். இளங்கோவன் வீட்டுக்கு வரும் வழியில் கடைசி காம்பில், காலைத் தேநீரோடு தியாகராஜா சொன்னார், இந்தச் சாமானை லண்டனுக்குள் விடமாட்டார்கள் என்று. மரம் செடியில் செய்த எதையும் ஹீத்ரோவில் பிடிப்பார்கள். பிடித்தால் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்டால் பழைய ஃபைலை எடுப்பார்கள்.

அமராவதி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். தொண்ணூற்றியொன்றில் வேறொருத்தியின் பாஸ்போட்டில் அவள் ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது, ஜன்னலில்லாத அறையொன்றில் ஒன்பது மணித்தியாலம் இருத்தினார்கள். பையின் உட்துணியைப் பிளேடால் கீறிப் பார்த்தார்கள். ஊறுகாய்ப் போத்தலுக்குள் கரண்டி விட்டுக் கிண்டினார்கள். பிறகு அகதியாக ஏற்று, பிரஜையுமாக்கி, அரசியின் பெயரில் பாஸ்போட்டும் கொடுத்தார்கள். கொடுத்தென்ன? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒவ்வொரு தடவையும் அந்தக் கவுண்டருக்கு முன்னால் அவள் தொண்ணூற்றியொன்றில்தான் நின்றாள்.

தபாலில் அனுப்பலாமா என்று கேட்டாள். பார்சலில் வீட்டு விலாசம் இருக்கும், நேரே வீட்டுக்கே வருவார்கள் என்றார். இளங்கோவன் வீட்டில் வைத்துவிட்டு வரலாமா என்றாள். அடுத்தவன் வீட்டில் குப்பை சேர்க்கப் போகிறீரோ என்றார். காம்பில் நெருப்பு மூட்ட இரும்பு வளையம் போட்டிருந்தார்கள். அதைக் காட்டி, எரித்துவிடும் என்றார். அவளே கூடைகளைக் கொண்டுபோய் வைத்தாள். மூன்று மாத வேலை, ஒரு தேநீர் ஆறுகிற நேரத்தில் எரிந்து முடிந்தது. பைன் இலை எண்ணெய்ச் சத்துள்ளது, நல்ல வாசத்தோடு சடசடவென்று எரியும். தியாகராஜா பொறுப்பான மனிதர். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சாம்பலில் ஊற்றி, காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

இப்படியே வருடா வருடம். ஜனவரியில் தொடங்குவாள், மார்ச்சில் எரிப்பாள். இடையில் கொரோனா வந்து இரண்டு வருடம் போகவில்லை. மற்றபடி ஆறு மாரி, பதினொரு கூடைகள். மூடி வைத்த ஒன்று இருந்தது. கறுப்பு நூலில் பின்னல் தையல் போட்ட ஒன்று இருந்தது. அதை எரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடைகளை அங்கேயே சிநேகிதிகளுக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுவா, அப்படி ஒரு தாராளம் என்று தியாகராஜா லண்டனில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். அமராவதி மறுத்துப் பேசவில்லை. தன் கையாலேயே எரித்ததை எந்த முகத்தோடு சொல்லுவது?

ஒருத்தரைக் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவளோடு கிச்சினில் நின்ற மெற்றில்டாவின் மகள் அதே விமான நிலையத்தில்தான் வேலை செய்தாள். அமராவதியின் சொந்த மகள் கம்சிகா கணினியில் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லியிருப்பாள். ஆனால் அப்படி வந்து சேர்ந்த சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு: எயார்போட்டைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று வரும், பெயர் பதிவாகும். முப்பது வருடத்துக்கு முந்திய புத்தி. அது அவளுக்கும் இருந்தது, அவருக்கும் இருந்தது. எண்பத்தொன்பதில் அவரையும் ஒரு அறையில் இருத்தி, பெல்ட்டையும் சப்பாத்துக் கயிற்றையும் கழற்றி வாங்கியிருந்தார்கள். அந்தக் கதையை அவர் ஒரேயொருமுறைதான் சொன்னார், அதுவும் கலியாணமான புதிதில்.

போன மாரியில் அமராவதி ஒரேயொரு கூடை செய்தாள். தலையணை அளவு, வயிறு பருத்து, வாய் ஒடுங்கி, மூடி போட்டது. மூடியின் நடுவில் சின்னதாக ஒரு பிடி. அதன் படத்தை ஃபோனில் கம்சிகாவுக்கு அனுப்பினாள். கம்சிகா ஹரோவில் புருஷனோடு இருக்கிறாள். தாயின் படங்களுக்கு வழக்கமாகக் கட்டைவிரலை மட்டும் அனுப்புவாள். இந்தமுறை ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. இதை யாருக்கும் கொடுக்காதே அம்மா, எனக்குக் கொண்டு வா. அமராவதி அதைப் பலமுறை வாசித்தாள். அவள் செய்த ஒன்றை வேண்டும் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பிடிபட்டாலும் பரவாயில்லை, இது லண்டனுக்கு வரத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தாள். அவளுடைய வாழ்க்கையில் அவள் தனியே எடுத்த முடிவுகளை ஒரு கை விரலில் எண்ணலாம்.

கடைசிக் காலையில் மிச்சமிருந்த பைன் இலையையும், பழுதாய்ப்போன ஒரு அடித்தட்டையும் பழந்துணியில் சுற்றி நெருப்பில் போட்டாள். தியாகராஜா வாளியோடு வந்தார், ஊற்றினார், மிதித்தார். கூடை சூட்கேசுக்குள், மூன்று நைற்றிக்கு நடுவில் இருந்தது. இளங்கோவன் வீட்டில் தியாகராஜா சூட்கேசுகளைத் தூக்குத் தராசில் நிறுத்தார். அவளுடையதை இரண்டாம் முறையும் நிறுத்தார். சூட்கேசை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

பத்துப் பதினொரு மணித்தியாலப் பறப்பில் அமராவதி தண்ணீர் மட்டும் குடித்தாள். முன்னால் வைத்த தட்டில் பணிஸும் பட்டரும் கேக் துண்டும் அப்படியே இருந்தன. ஹீத்ரோவில் சூட்கேஸ் வந்தது. ஒன்றும் அறிவிக்க இல்லாதவர்கள் போகும் பச்சை வழி இருபதடி தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்து நடந்தாள். தியாகராஜா அவளுடைய முழங்கையை மெல்லப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பினார். கவுண்டரில் நின்ற இளம் பெண் அதிகாரியிடம், பஸ்ஸில் பயணிகளுக்கு அறிவிக்கும் அதே திருத்தமான ஆங்கிலத்தில், என் மனைவி தாவரப் பொருளொன்றை மறைத்துக் கொண்டு வந்திருக்கிறா என்றார்.

சூட்கேசை மேசையில் வைத்துத் திறந்தார்கள். அமராவதியின் நைற்றிகள், உள்ளாடைகள், கால்வலிக்குப் பூசும் எண்ணெய், எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டே கடந்து போனது. அமராவதி ஜன்னலில்லாத அறை எந்தப் பக்கம் இருக்கும் என்று மட்டும் யோசித்தாள். அந்தப் பெண் கூடையைத் தூக்கினாள், மூடியைத் திறந்தாள், மூக்கருகே வைத்து மணந்தாள். மண், விதை ஏதாவது உள்ளே உண்டா என்று கேட்டாள். இல்லை என்று அமராவதி தலையசைத்தாள். நீங்களே செய்ததா என்று கேட்டாள். அதற்கு ஓம் என்று தலையாட்டினாள். மிக அழகாக இருக்கிறது, கொண்டு போங்கள் என்று சொல்லி, நைற்றிகளை அவளே திரும்ப மடித்து வைத்தாள்.

அமராவதி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவருடைய முகத்தில் ஆச்சரியம் என்று ஒன்று கிடையாது. தரிப்பிடத்துக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்த டிரைவரின் முகம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னறையில் சூட்கேசை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"விடுவினமெண்டு உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"நீர் கூடை செய்யத் தொடங்கின வருசமே இளங்கோவன் சொன்னவன்."

"பிறகேன் எரிக்கச் சொன்னனீங்கள்?"

தியாகராஜா கோட்டைக் கழற்றிக் கொளுவினார். "நீர் எரிக்கிறீரோ எண்டு பாத்தனான். ஒவ்வொரு வருசமும் எரிச்சனீர். இந்த முறை எரிக்கேல்லை. அதுதான் உம்மைக் கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போனனான்." பிறகு, கேத்தலைப் போடும் என்றார்.

அவள் கேத்தலைப் போட்டாள். வேறென்ன செய்வாள்? தண்ணீர் கொதிக்கும்வரை பதினொரு கூடைகளையும் ஒவ்வொன்றாக நினைத்தாள். சரிந்தது, நிமிர்ந்தது, ஆடாமல் நின்றது. அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கத்தி முடித்திருப்பாள், அதோடு போயிருக்கும். வந்தது வேறொன்று, அது வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கம்சிகா வந்து கூடையை எடுத்துப் பார்த்தாள். படத்தில் பெரிசாகத் தெரிந்தது அம்மா என்றாள். அடுத்தமுறை அமராவதி ஹரோவுக்குப் போனபோது அதற்குள் ஃபோன் சார்ஜர்களும் பழைய பற்றரிகளும் கிடந்தன, மூடியைக் காணவில்லை.

ஐப்பசியில் தியாகராஜாவின் கண் போனது. முழுதாக அல்ல. சீனி வருத்தம் உள்ளே வேலை பார்த்து, நடுப்பார்வையை எடுத்துவிட்டது. இனி ஓட்டக் கூடாது, லைசென்ஸைத் திருப்பி அனுப்பு என்று எழுத்தில் வந்தது. ஒரு வருடத்தில் நிழல்தான் மிஞ்சும் என்று கண் டொக்டர் சொன்னார். வாய்க்குள் பல் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினது போல அந்த மனிதர் ஒடுங்கிப்போனார். காலையில் எழுந்து, அமெரிக்கத் தெருவரைபடங்களை மடியில் விரித்து, பூதக்கண்ணாடியை ஓரமாகப் பிடித்து, எட்டு மாரியும் ஓடிய தெருக்களைச் சிவப்புப் பேனாக் கோடு கோடாகத் தேடிக்கொண்டிருப்பார். எங்கே தண்ணீர் பிடிக்கலாம், எந்த மலையடியில் சூரியன் எழும்பும், எல்லாவற்றையும் அதில் குறித்து வைத்திருந்தார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த முறை நீர் ஓட்டும்" என்றார். "நான் பக்கத்தில இருக்கிறன். கண் முழுக்கப் போக முந்தி ஒருக்கால் பாக்கவேணும்."

முப்பத்திரண்டு வருடக் கலியாணத்தில் அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டது அதுதான். ஓம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. அதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் வயிற்றில் இருந்தது எழும்பி முன்னால் வந்தது.

"விடமாட்டினம்" என்றாள்.

இப்போது அங்கே இறங்கியதும் கண்ணை மெசினில் படம் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். பார்வை போனவர் என்று தெரிந்தால் பிடிப்பார்கள். பிடித்தால் கேள்வி கேட்பார்கள். அறையில் இருத்தி, பெல்ட்டைக் கழற்றி வாங்கி, அடுத்த பிளேனில் திருப்பி அனுப்புவார்கள். இவ்வளவையும் கறி பரிமாறுகிற குரலில் சொல்லி முடித்தாள். பெல்ட் என்ற சொல்லில் அவருடைய கை இடுப்புக்குப் போனதைக் கண்டாள்.

"உமக்கு வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

ஒரு ஃபோன் எடுத்தால் போதும், இளங்கோவன் சிரித்திருப்பார். கம்சிகாவைக் கேட்டாலும் போதும். அமராவதி காத்திருந்தாள். ஒரு கிழமை போனது, இரண்டு போனது. அவர் ஃபோனைத் தொடவில்லை. வரைபடங்களையும் விரிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை காலை, அவற்றை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுவரைத் தடவித் தடவி வாசலுக்குப் போய், கவுன்சில் லொறி எடுக்கும் கடதாசிப் பெட்டிக்குள் தன் கையாலேயே வைத்தார். அமராவதி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஓடிப்போய் எடுக்கலாம், லொறி வர இன்னும் அரை மணி இருந்தது. எடுக்கவில்லை. பாவம் என்று ஒரு நினைவு வந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது. அப்படியொரு சந்தோஷத்தை அவள் அதற்கு முதல் அறிந்ததில்லை, தன்னைக் கண்டு கொஞ்சம் பயந்தும்போனாள். லொறி வந்து எடுத்துப் போனது.

ஜனவரி பதினேழாம் திகதி காலை, முன்னறையில் சூட்கேசின் ஸிப் இழுபடும் சத்தம் கேட்டுத் தியாகராஜா நிமிர்ந்தார். எங்கே பயணம் என்று கேட்டார். அரிசோனாவுக்கு என்றாள். இளங்கோவன் வண்டியைக் கழுவி வைத்திருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளக் காலையும் மாலையும் கெயாரர் வருவா. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்சிகா வருவாள். அப்பாவுக்குப் பயணத்தில் விருப்பமில்லையாம் என்று அவளுக்குச் சொல்லியாகிவிட்டது.

அவர் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அப்ப, அந்தக் கண் படம் எடுக்கிறது?"

"அப்பிடி ஒருத்தரையும் திருப்பி அனுப்புறேல்லை."

"பிறகேன் சொன்னனீர்?"

"ஆரையாவது ஒரு வார்த்தை கேக்கிறீங்களோ எண்டு பாத்தனான்" என்றாள் அமராவதி. "கேக்கேல்லை."

தியாகராஜாவின் வாய் அசைந்தது. வரைபடங்களை மட்டுமாவது எறியாமல் வைத்திருந்திருக்கலாம் என்றார், தண்ணீர் பிடிக்கும் இடமெல்லாம் அதில்தான் இருந்தது என்றார். அவளுக்குச் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை. வெளியே கம்சிகாவின் கார் ஹோர்ன் அடித்தது. அமராவதி கோட்டைப் போட்டு, கைப்பையில் ஊசிப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்து, சூட்கேசை இழுத்தாள். அவருடைய கால்கள் வழியில் நீட்டிக்கொண்டு கிடந்தன.

"இஞ்சருங்கோ, காலை எடுங்கோ" என்றாள். "சூட்கேஸ் போகவேணும்."

அவர் எடுத்தார்.